மாஸ்கோ பேசுகிறது – 11: வானொலியில் வந்த கடிதம்

1962 அக்டோபர். வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த அனத்தோலி தொப்ரீனின், அந்த நாட்களில் தன் தலைநகருக்கு அவசரச் செய்தி அனுப்பிய விதத்தைப் பிற்பாடு தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். செய்தியைத் தூதரகத்தில் உட்கார்ந்து கையாலேயே சங்கேத எண்களாக மாற்றுவார்கள். முடிந்ததும் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தகவல் போகும். அங்கிருந்து ஓர் இளைஞர் சைக்கிளில் வந்து தாள்களை வாங்கிக்கொள்வார். வழியில் யாரோடும் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்காமல் நேராகத் தந்தி அலுவலகத்துக்குப் போக வேண்டுமே என்று தூதரகத்தில் வேண்டிக்கொள்வார்கள். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே போர் மூளுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய செய்திகள் அந்த சைக்கிளில்தான் போயின.

எதிர்த்திசையிலும் நிலைமை இதுதான். கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைத் தளங்கள் கட்டப்படுவதை அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் அக்டோபர் 14 அன்று படம் பிடித்தது. 22ஆம் தேதி இரவு ஏழு மணிக்கு அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி அதை உலகத்துக்குச் சொன்னார். 24ஆம் தேதி கியூபாவைச் சுற்றிக் கடல் முற்றுகை. 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை சோவியத் தலைவர் குருஷ்சேவ் கென்னடிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கயிற்றின் இரு முனைகளையும் இருவரும் பிடித்து இழுக்க இழுக்க நடுவில் உள்ள முடிச்சு இறுகிக்கொண்டே போகும், பிறகு அதை வெட்டத்தான் வேண்டியிருக்கும் என்று மன்றாடும் தொனியில் எழுதப்பட்ட கடிதம் அது. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் கையில் அது மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிடைத்தது. தூதரகம் அதை மொழிபெயர்த்து, சங்கேதமாக்கி, நான்கு பகுதிகளாக அனுப்பியது. கடைசிப் பகுதி வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்.

ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு ஏவுகணை அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் காலம் வந்துவிட்டிருந்தது. அதைத் தடுக்கும் கடிதம் போய்ச் சேர அரை நாள் ஆனது. இந்த வித்தியாசத்தை அன்று இட்டு நிரப்பியது மாஸ்கோ வானொலி. தன் வாழ்நாளில் அந்த நிலையம் செய்த மிகப் பெரிய காரியம் என்று எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டால், அந்த அக்டோபர் நெருக்கடியின் கடைசி இரண்டு நாட்களைத்தான் சொல்வேன்.

முன் அத்தியாயங்களில் பார்த்ததை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். 1929 அக்டோபர் 29 அன்று ஜெர்மன் மொழியில் தொடங்கியது மாஸ்கோவின் வெளிநாட்டு ஒலிபரப்பு. பிரெஞ்சும் ஆங்கிலமும் தொடர்ந்தன. முதலில் உலகத் தொழிலாளர்களை நோக்கிப் பேசியது. பிறகு பாசிசத்துக்கு எதிராகப் பேசியது. போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு எதிராகப் பேசியது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபோது அது எந்த ஊரின் மேல் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று அறிவித்தது. அந்த ஊர்ப் பட்டியலில், கறுப்பின மாணவர்களைப் பள்ளியில் சேர்க்க மறுத்து வெள்ளையர்கள் கலவரம் செய்துகொண்டிருந்த லிட்டில் ராக் நகரத்தையும் சேர்த்துக்கொண்டது. பிரச்சாரத்தில் கை தேர்ந்த நிலையம். ஆனால் கியூபா நெருக்கடியில் அதற்குக் கிடைத்த வேலை பிரச்சாரம் அல்ல, தபால்காரர் வேலை.

மாஸ்கோ வானொலியை உலகத்தில் மிகக் கவனமாகக் கேட்டவர்கள் யார்? அதன் ரசிகர்கள் அல்லர், எதிராளிகள். அமெரிக்கா 1941லேயே அயல்நாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டு எழுதுவதற்கென்று தனி அமைப்பு ஏற்படுத்தியிருந்தது. எஃப்பிஐஎஸ் என்று அதற்குப் பெயர். பின்னாளில் சிஐஏவின் கீழ் வந்தது. பிரிட்டனில் இதே வேலையை பிபிசியின் கண்காணிப்புப் பிரிவு செய்தது. லண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரத்தை ஒட்டி, கேவர்ஷம் பார்க் என்ற பழைய பிரபுவின் மாளிகையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இரவும் பகலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ரஷ்ய மொழி, ஒருவர் போலிஷ், ஒருவர் அரபு. கேட்டதைப் பதிவு செய்து, ஐயம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தட்டச்சு செய்வார்கள். கலை வரலாற்று அறிஞர் எர்ன்ஸ்ட் காம்ப்ரிச் போர்க்காலத்தில் இந்தப் பிரிவில் வேலை பார்த்தவர். 1945இல் ஜெர்மன் வானொலி திடீரென்று புரூக்னரின் ஏழாவது சிம்பொனியை ஒலிபரப்பியபோது, அது வாக்னரின் மரணத்தோடு தொடர்புடைய இசை என்பதை வைத்து, அறிவிப்பு வரும் முன்பே ஹிட்லரின் கதை முடிந்தது என்று ஊகித்தவர். அப்படிப்பட்ட காதுகள் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது.

பிரிட்டனும் அமெரிக்காவும் தாங்கள் கேட்டதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன. ஆக, மாஸ்கோவில் ஒருவர் ஒலிவாங்கி முன் வாய் திறந்தால், வெள்ளை மாளிகைக்கு அந்த வாசகம் தட்டச்சுத் தந்தியில் வந்து சேரச் சில நிமிடங்கள் போதும். இது குருஷ்சேவுக்கும் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாஸ்கோ வானொலி சுதந்திரமான நிலையம் அல்ல என்பது அதன் மீது எப்போதும் சொல்லப்பட்ட குறை. குறைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வாரத்தில் அதனால்தான் அது பயன்பட்டது. நியூயார்க்கில் ஒரு நாளிதழ் சமாதானம் வேண்டும் என்று தலையங்கம் எழுதினால் அது அந்த ஆசிரியரின் கருத்து. மாஸ்கோ வானொலி ஒரு வாக்கியத்தை வாசித்தால் அது கிரெம்ளின் ஒப்புக்கொண்ட வாக்கியம். நடுவில் வேறு யாரும் இல்லை. முத்திரை குத்திய கடிதத்துக்கு உள்ள மதிப்பு அதற்கு இருந்தது.

தொழில்நுட்பமும் கைகொடுத்தது. சிற்றலை பூமியின் வளைவோடு போகாது. மேலே ஏறி, வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். சூரிய ஒளி மாறினால் அந்த அடுக்கும் மாறும் என்பதால் பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு இன்னொன்று. மற்ற நாடுகள் கடல் கடந்து தீவுகளில் அஞ்சல் நிலையங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, சோவியத் யூனியனுக்குத் தன் நிலப்பரப்பே போதுமானதாக இருந்தது. பதினொரு நேர மண்டலங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரைக்குத் தூரக்கிழக்கு சைபீரியாவிலிருந்து அனுப்பலாம். கிழக்குக் கரைக்கு ஐரோப்பியப் பகுதியிலிருந்து அனுப்பலாம். நேயர் காதில் விழுவது ‘மாஸ்கோ’ என்ற பெயர். அலை கிளம்பிய இடம் மாஸ்கோவிலிருந்து எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

27ஆம் தேதி சனிக்கிழமை. வெள்ளை மாளிகையில் கென்னடியும் அவருடைய ஆலோசகர்களும் முந்தின இரவு கிடைத்த கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று உறுதி தந்தால் ஏவுகணைகளுக்கு அங்கே தேவை இருக்காது என்பது அதன் சாரம். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி நிறுவனத்தின் துண்டுத்தாள் ஒன்று உள்ளே வந்தது. மாஸ்கோ வானொலி குருஷ்சேவின் இன்னொரு கடிதத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. துருக்கியில் அமெரிக்கா நிறுத்தியிருக்கும் ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்தால்தான் கியூபாவிலிருந்து எடுப்போம் என்கிறார்! கென்னடி அதை உரக்க வாசித்தார். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லையே என்று சுற்றியிருந்தவர்கள் குழம்பினார்கள். அந்த உரையாடல் ஒலிநாடாவில் இருக்கிறது. தாங்கள் படித்த கடிதத்தைத்தான் செய்தி நிறுவனம் தவறாகச் சொல்கிறதோ என்று அவர்கள் திகைப்பதும், இல்லை இது வேறு கடிதம் என்று மெல்ல மெல்லப் புரிந்துகொள்வதும் அதில் கேட்கும்.

வானொலியில் கடிதம் அனுப்புவதில் உள்ள ஆபத்து இந்தச் சனிக்கிழமையில் முழுதாகத் தெரிகிறது. ரகசியக் கடிதத்தில் வைக்கும் கோரிக்கையை வேண்டாமென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடலாம். உலகமே கேட்க வைத்த கோரிக்கையிலிருந்து பின்வாங்கினால் மானம் போகும். துருக்கி நேட்டோ நாடு. அதைக் கேட்காமல் அதன் மண்ணில் உள்ள ஆயுதத்தைப் பேரம் பேசியதாக உலகம் அறிந்தால் மற்ற கூட்டாளிகள் அமெரிக்காவை எப்படி நம்புவார்கள்? அதே நாளில் கியூபாவின் மேல் ஒரு யூ-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். அன்று இரவு எட்டு மணி வாக்கில் ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி தொப்ரீனினைத் தனியாகச் சந்தித்தார். துருக்கி ஏவுகணைகளைச் சில மாதங்களில் எடுத்துவிடுவோம், ஆனால் இது வெளியே வரக்கூடாது என்பது அவர் கொண்டுவந்த செய்தி. ஜனாதிபதியின் பொதுப் பதிலோ முதல் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வானொலியில் வந்த இரண்டாவது கோரிக்கையை ஓரமாக வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 28. குருஷ்சேவும் கட்சியின் மூத்த தலைவர்களும் மாஸ்கோவுக்கு வெளியே நோவோ-ஒகார்யோவோவில் உள்ள அரசு மாளிகையில் கூடியிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே தொப்ரீனினின் செய்தி வந்தது. இன்னொரு தகவலும் வந்தது: மாஸ்கோ நேரம் மாலை ஐந்து மணிக்கு கென்னடி மறுபடியும் தொலைக்காட்சியில் பேசப்போகிறாராம். போர் அறிவிப்பாக இருக்குமோ என்ற பயம் அறையைப் பிடித்துக்கொண்டது. உண்மையில் அப்படியொரு புதிய உரை இல்லை. ஆறு நாட்களுக்கு முந்தைய உரையின் மறுஒளிபரப்பைப் பற்றிய தகவல்தான் தப்பாக அர்த்தப்படுத்திக்கொள்ளப்பட்டிருந்தது. ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. ஐந்து மணிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். தூதரகம், சங்கேதம், தந்தி என்று போனால் முடியுமா?

குருஷ்சேவ் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதப்பட்டது, திருத்தப்பட்டது. கட்சியின் கருத்தியல் பொறுப்புச் செயலாளர் லியோனித் இல்யிச்சோவ் அதை எடுத்துக்கொண்டு காரில் வானொலி நிலையத்துக்கு விரைந்தார். மாலை ஐந்து மணிக்கு, அதாவது வாஷிங்டனில் காலை ஒன்பது மணிக்கு, அறிவிப்பாளர் வாசிக்கத் தொடங்கினார். தாக்குதலுக்கானவை என்று நீங்கள் சொல்லும் ஆயுதங்களைக் கழற்றி, பெட்டிகளில் அடைத்து, சோவியத் யூனியனுக்குத் திருப்பி அனுப்பப் புதிய உத்தரவு போட்டிருக்கிறோம் என்று கென்னடிக்கு எழுதப்பட்ட கடிதம் உலகத்தின் காதில் விழுந்தது. ஓர் அரசுத் தலைவர் இன்னொரு அரசுத் தலைவருக்கு எழுதிய கடிதம், பெற வேண்டியவரின் மேசைக்கு வரும் முன்பே உலகத்துக்கெல்லாம் வாசிக்கப்பட்டுவிட்டது.

கண்காணிப்பாளர்கள் பகுதி பகுதியாகத் தட்டச்சு செய்து அனுப்பிய வாசகத்தை வைத்தே கென்னடி முடிவெடுத்தார். அன்றே குருஷ்சேவுக்கு அவர் அனுப்பிய பதிலில், அதிகாரபூர்வமான பிரதி இன்னும் தனக்கு வந்து சேரவில்லை என்றாலும், வானொலியில் வந்த செய்திக்கு உடனே பதில் எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். கடிதம் வராமலே கடிதத்துக்குப் பதில். கேட்டு எழுதிய அந்த முகம் தெரியாத மனிதர்கள் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய வேலைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

ஆனால் வானொலியில் வந்தது முழு உண்மை அல்ல. துருக்கி பற்றிய உடன்பாடு அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஜூபிடர்கள் 1963 ஏப்ரலுக்குள் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன. அவை பேரத்தின் பங்கு என்பது பல ஆண்டுகள் மறைத்தே வைக்கப்பட்டது. குருஷ்சேவ் கொடுத்ததை உலகம் கேட்டது, பெற்றதைக் கேட்கவில்லை. இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. இரண்டு ஆண்டுகளில் சகாக்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது, கியூபாவில் பின்வாங்கிய அவமானமும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது.

இன்னொரு காயம் ஹவானாவில். தன் தீவிலிருந்து ஏவுகணைகள் போகப்போகின்றன என்பதை ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு மாஸ்கோ முன்கூட்டிச் சொல்லவில்லை. ‘ரெவொலூசியோன்’ பத்திரிகையின் ஆசிரியர் கார்லோஸ் ஃபிராங்கி, செய்தி நிறுவனத்தின் தந்தியில் வந்ததைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் அவருக்கே தெரிந்தது. காஸ்ட்ரோவுக்கு வந்த கோபம் அடங்க நெடுநாளாயிற்று. எதிரியிடம் நேரத்தைச் சேமித்த வேகம், நண்பனிடம் நம்பிக்கையைச் செலவழித்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையை வெறும் வெற்றிக் கதையாக எழுதுபவர்கள் கியூபாக்காரர்களின் இந்த மனத்தாங்கலை மறந்துவிடுகிறார்கள்.

கடிதத்தை வானொலியில் வாசிக்க வேண்டிய நிலை இனி வரக்கூடாது என்று இரு தரப்பும் நினைத்தன. 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடி இணைப்பு போடப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று அது வேலை செய்யத் தொடங்கியது. சினிமாவில் காட்டுவதுபோல் அது சிவப்புத் தொலைபேசி அல்ல; லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி வழியாகப் போன தட்டச்சுத் தந்தி. பேச்சில் வாய் தவறும், எழுத்தில் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பதால் அப்படி வைத்தார்கள். அதே கோடையில் அமெரிக்கக் குரல் (வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா), பிபிசி ஆகியவற்றின் ரஷ்ய ஒலிபரப்புகள் மீது போடப்பட்டுவந்த இடையூறு ஒலியையும் சோவியத் அரசு நிறுத்தியது.

அதன்பின் இருபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். நிலையம் பெருத்தது. 1964இல் ‘அமைதியும் முன்னேற்றமும்’ என்ற பெயரில் இன்னொரு வானொலி முளைத்தது. அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிக்கொண்டார்கள், நம்பியவர்கள் குறைவு. 1978 அக்டோபர் 3 முதல் ஆங்கில உலக சேவை இருபத்துநான்கு மணி நேரமும் ஒலித்தது. எல்லா மொழிகளையும் கூட்டினால் எழுபதுக்கு மேல்; வாரத்துக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல். அமெரிக்கர்களுக்கு அவர்கள் ஊர் உச்சரிப்பிலேயே பேசிய ஜோ அதாமோவ், ‘மாஸ்கோ மெயில்பேக்’ நிகழ்ச்சியில் நேயர்களின் குடைச்சலான கேள்விகளுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த எழுபது மொழிகளில் தமிழும் ஒன்று. வீட்டு வானொலிப் பெட்டியின் முள்ளைச் சிற்றலை வரிசையில் மயிரிழை அளவு நகர்த்தி, கூவலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே அந்தத் தமிழைப் பிடித்துக் கேட்டவர்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இலங்கையிலும் இருந்தார்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வண்டியில் மலிவு விலைக்குக் கார்க்கியையும் தல்ஸ்தோயையும் வாங்கிப் படித்த கைகள்தான் பெரும்பாலும் அந்த முள்ளையும் திருகின. கடிதம் போட்டால் மாஸ்கோவிலிருந்து பதில் வரும். அட்டை வரும், நாட்காட்டி வரும், நிகழ்ச்சி நிரல் வரும். உள்ளூர் அலுவலகங்களில் மனு கொடுத்துப் பதிலே பார்க்காத ஒருவருக்கு, பெயரும் ஊரும் பிழையில்லாமல் எழுதப்பட்ட வெளிநாட்டு உறை வருவது சாதாரண விஷயமல்ல. அந்த நிலையத்தின் செய்தி அறிக்கைகளை விட நேயர் கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் எழுதியவர்களையே நான் அதிகம் மதிக்கிறேன்.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. மாஸ்கோ வானொலியின் எழுபது மொழிகளிலும் அதற்கு ஒரே விளக்கம்: ஆப்கன் அரசு அழைத்தது, சர்வதேசக் கடமையைச் செய்ய ‘வரையறுக்கப்பட்ட படைப்பிரிவு’ போயிருக்கிறது. எதிர்த்துப் போராடுபவர்கள் கொள்ளைக்காரர்கள், கூலிப்படையினர். 1980 ஆகஸ்டில் போலந்து வேலைநிறுத்தங்களின்போது அயல் நிலையங்கள் மீதான இடையூறு ஒலியும் திரும்பி வந்தது. 1982 நவம்பரில் கேஜிபியின் முன்னாள் தலைவர் அந்திரோபோவ் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். வாய் திறக்கவே யோசிக்க வேண்டிய காலம்.

அந்தக் காலத்தில்தான், 1983 மே மாதத்தில், உலக சேவையின் ஆங்கில அறிவிப்பாளர் விளாதிமிர் தான்செவ் செய்தி வாசித்தார். வயது 35. அவர் முன்னால் இருந்த தாள் பல கைகளைக் கடந்து, ஒவ்வொரு வரியும் அனுமதி பெற்று வந்த தாள். அதை அப்படியே வாசிப்பதுதான் அறிவிப்பாளரின் வேலை. தான்செவ் அப்படியே வாசிக்கவில்லை. ஆப்கன் மக்கள் சோவியத் ஆக்கிரமிப்பாளர்களை எதிர்த்துப் போராடுகிறார்கள் என்று வாசித்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வழக்கமான செய்தி நடைதான். வாக்கியத்தின் கட்டமைப்பு அதேதான். யார் ஆக்கிரமிக்கிறார், யார் காக்கிறார் என்ற இடம் மட்டும் மாறியிருந்தது. கை நழுவிய பிழை என்று சொல்லவும் வழியில்லை: ஒரு வாரத்தில் ஐந்து ஒலிபரப்புகளில் இப்படிப் பேசினார்.

ஐந்து! முதல் முறை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்திருக்கும். இரண்டாம் முறையும் கதவு திறந்து யாரும் உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகும் ஒருவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, மறுபடி அதே அறைக்கு வந்து, அதே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, மறுபடியும் சொல்கிறார் என்றால் அதற்கு எப்படிப்பட்ட நெஞ்சம் வேண்டும்! ஆவேசத்தில் ஒருமுறை கத்திவிடுவது வேறு. இது நிதானமாகச் செய்யப்பட்ட காரியம்.

இந்த முறையும் கேட்டது கேவர்ஷம்தான். 1962இல் குருஷ்சேவின் கடிதத்தைக் கேட்டு எழுதிய அதே பிரிவின் காதுகள், மே 23 அன்று இந்தச் சொல்லையும் பிடித்தன. மேற்கத்தியப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. தான்செவின் குரல் மாஸ்கோ வானொலியிலிருந்து மறைந்தது. அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மாற்றுக் கருத்தை மனநோய் என்று முத்திரை குத்துவது சோவியத் அரசுக்குப் புதிதல்ல. அந்த வழக்கத்துக்காக உலக மனநல மருத்துவர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நிலை வரவே, அதே 1983இன் தொடக்கத்தில்தான் சோவியத் மனநல மருத்துவர் சங்கம் தானாகவே அதிலிருந்து விலகியிருந்தது. தான்செவைத் தண்டிக்கவில்லை, நோயாளியைத் தண்டிக்க முடியாதே என்று ஒரு சோவியத் அதிகாரி விளக்கம் சொன்னதாகச் செய்தி வந்தது. அரசின் சொல்லை மாற்றி உண்மையைச் சொன்னவருக்கு மருத்துவம். பொய்யை நாள்தோறும் வாசித்தவர்களுக்குச் சம்பளம். ஆண்டுக் கணக்கில் இந்த நிலையத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, அதன் மீது இருக்கும் பிரியத்தையெல்லாம் மீறி மனம் கசந்துபோகும் இடம் இது.

டிசம்பரில் தான்செவை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேற்கில் அவரைப் பாராட்டிப் பலர் எழுதினார்கள். அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி அந்தப் பாராட்டோடு ஒரு கேள்வியையும் சேர்த்தார்: வியட்நாமில் அமெரிக்கா செய்ததை அமெரிக்கப் பெரும் பத்திரிகைகளில் எத்தனை பேர் ஆக்கிரமிப்பு என்று எழுதினார்கள்? அங்கே மனநல மருத்துவமனை காத்திருக்கவில்லை. நியாயமான கேள்வி. தான்செவின் துணிச்சலை அது குறைக்கவில்லை. மற்றவர்களின் மௌனத்தை எடுத்துக்காட்டியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தான்செவ் பேசியது ஆங்கிலத்தில், வெளிநாட்டாருக்கு. அவருடைய சொந்த நாட்டு மக்கள் அதை அறிய வேண்டுமானால் பிபிசியையோ அமெரிக்கக் குரலையோ ரஷ்ய மொழியில் கேட்க வேண்டும். அவற்றின் மீதோ மாஸ்கோவின் இடையூறு ஒலி இரைந்துகொண்டிருந்தது. உலகத்தோடு எழுபது மொழிகளில் பேசிய அரசு, தன் மக்கள் பிறர் பேச்சைக் கேட்பதைத் தடுக்கவும் அலைபரப்பிகளை வைத்திருந்தது. அந்த இரைச்சல் 1987இல்தான் பிபிசிக்கும் அமெரிக்கக் குரலுக்கும் நின்றது. ஆப்கானிஸ்தானிலிருந்து கடைசிப் படைப்பிரிவு 1989 பிப்ரவரி 15 அன்று வெளியேறியது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவை, படை அனுப்பிய முடிவு அரசியல்ரீதியாகவும் அறரீதியாகவும் கண்டனத்துக்குரியது என்று தீர்மானம் நிறைவேற்றியது.

அதற்கு முன்னால் இன்னொரு சோதனை வந்தது. 1986 ஏப்ரல் 28 திங்கட்கிழமை காலை ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணியில் கதிரியக்கம் தெரிந்தது. ஸ்டாக்ஹோம் மாஸ்கோவிடம் கேட்டது. அன்று இரவு வரை மாஸ்கோ வாய் திறக்கவில்லை. கியூபாவின்போது நிமிடக் கணக்கில் ஓடிய நிலையம் செர்னோபில் அணுமின் நிலைய விபத்தின்போது ஏன் மௌனம் காத்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)